மூட்டக்கா குடுத்த இருநூறு துண்டு

இது உண்மைக் கதை. என் கண்ணால பார்த்தது, என் காதால கேட்டது, கொஞ்சம் என் கையாலயும் செஞ்சது. ஒரு எழுத்து பொய் கிடையாது. சரி, நாலு எழுத்து இருக்கும். எலியப் பார்த்தாலும் எருமை சைஸுல சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும், என்ன பண்றது. ஆனா ஒண்ணு. எங்கெங்க சிரிப்பு வருதோ அங்கெல்லாம் நான் இழுத்திருப்பேன்னு வெச்சுக்குங்க. சிரிப்பு வராத எடம் பூராவும் நடந்தது நடந்தபடி.

நான் ஒரு கல்யாண ஹால்ல மேஜை நாற்காலி போடுற ஆளு. மத்தியானம் ஒரு பார்ட்டி முடிஞ்சு சாயங்காலம் அடுத்த பார்ட்டி வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் கிடைக்கும். அப்ப சமையல்கட்டுக்குப் பின்னாடி காலி எண்ணெய் டின்னு மேல உக்காந்து டீ குடிப்போம். நான், சமையல் மாஸ்டர், வாட்ச்மேன் அண்ணன், சீரியல் லைட்டு கட்டுற லைட்டுக்காரன். அன்னிக்குப் புதுசா ஒரு பொண்ணும் இருந்துச்சு. வெங்காயம் உரிக்கச் சேர்ந்து மூணு நாள்தான் ஆகுது. அது திடீர்னு கேட்டுச்சு.

"அண்ணே, கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் குடுக்கிறாங்களே, அது அவசியந்தானா? என் தங்கச்சிக்கு மூணு மாசத்துல கல்யாணம். கையில இருக்கிறது சாப்பாட்டுக்கே இழுபறி. வீட்டுல எல்லாரும் எதாவது குடுத்தே ஆகணும்னு நிக்கிறாங்க."

"அதுக்கு மூட்டக்கா கதையத்தான் கேக்கணும்"னேன்.

"அத எதுக்கு இப்ப"ன்னு மூணு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க. மூணு பேரும் ஒண்ணா ஒரு விஷயத்த வேண்டாங்கிறாங்கன்னா அத சொல்லாம இருக்க நான் என்ன சாமியாரா?

மூட்டக்காங்கிறது ஹால் பெருக்குற அக்கா. இருபத்திரெண்டு வருஷமாப் பெருக்குறா. அவ பெருக்கித் தேஞ்ச தரையில தண்ணி ஊத்துனா மீன் வளர்க்கலாம், அவ்வளவு பள்ளம். எங்க ஹால்ல ஒரு வழக்கம். பார்ட்டி முடிஞ்சு வந்தவங்க என்னென்னத்த விட்டுட்டுப் போறாங்களோ, அது பெருக்குறவங்களுக்கு. பர்ஸு, போனு, நகைன்னா ஆபீஸ்ல குடுத்துடணும். மத்ததெல்லாம் அவளுக்கு. அதுல முக்கால்வாசி இந்த ரிட்டர்ன் கிஃப்ட்டுதான். வாங்கும்போது ரெண்டு கை நீட்டி வாங்குவாங்க. சாப்பிட்டதும் நாற்காலிக்கு அடியில தள்ளிட்டுப் போயிடுவாங்க. தெனம் ஒரு மூட்டையோட வீட்டுக்குப் போவா. அதான் மூட்டக்கா.

அவ வீட்ட நீ பார்க்கணும். ஒரே ரூம்பு. அதுக்குள்ள நாலு தெருவோட கல்யாணம் இருக்கும். மாப்பிள்ளை பொண்ணு படம் போட்ட கப்பு மட்டும் நூத்துச் சொச்சம். மெழுகுவர்த்தி இருக்கு, ஊருக்கே கரண்டு போனாலும் ஒரு வருஷம் ஓட்டலாம். சாவிக்கொத்து ஒரு வாளி, ஆனா அந்த வீட்டுக்குப் பூட்டு ஒண்ணுதான், அதுவும் இழுத்தாத் திறந்துக்கும். அவ மக சின்னப் பிள்ளையில கப்புல இருக்கிறவங்கள எல்லாம் சித்தப்பா சித்தின்னு நெனச்சு வளந்துச்சு. ஒரு நாள் அழுதுச்சாம், "அம்மா, இத்தன சித்தப்பா இருந்தும் ஒருத்தர்கூட நம்ம வீட்டுக்கு வரலியே"ன்னு.

புருஷன்? ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வரேன்னு கிளம்பிப் போனான். அந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளையே அவன்தான்.

அந்தப் பொண்ணு வெங்காயத்த வெச்சுட்டு வாயப் பொத்திச் சிரிச்சுச்சு. வாட்ச்மேன் அண்ணன் மட்டும், "இதோட நிறுத்திக்கடா, சிரிச்சாச்சுல்ல"ன்னாரு.

நிறுத்துவேனா.

மூட்டக்காவுக்கு மேல் வரிசையில முன்பல்லு நாலு கிடையாது. படியில தண்ணி வாளியோட உருண்டு விழுந்ததுல போச்சு. நாலு வருஷமா கைய வாய்க்கு முன்னாடி வெச்சுட்டுத்தான் பேசுவா. தூரத்துல இருந்து பார்த்தா எந்நேரமும் ஏதோ ரகசியம் சொல்ற மாதிரியே இருக்கும். பல்லு கட்டணும்னு காசு சேர்த்தா. டாக்டர் அளவுகூட எடுத்துட்டாரு. மக கல்யாணத்துக்கு முன்னாடி மாட்டிடணும், போட்டோவுல ஒரு தடவையாவது கைய எறக்கி நிக்கணும், இதான் ஆசை.

மகளுக்கு எடம் அமைஞ்சுது. மாப்பிள்ளை கூரியர் கம்பெனியில பார்சல் குடுக்குற பையன், நல்ல பையன். அவங்க அம்மா மட்டும் கொஞ்சம் ஆளை எடை போட்டுப் பார்க்கிற ரகம். நம்ம மேனேஜர் ஹாலப் பாதி வாடகைக்குத் தர்றேன்னாரு. மனுஷன் இளகிட்டாருன்னு நாங்க மயக்கம் போட்டு விழப் பார்த்தோம். அப்புறம் சொன்னாரு, "காலையில நடத்திக்கோ. ஆனா மூணு மணிக்கு அடுத்த பார்ட்டி இருக்கு. முடிஞ்சதும் வழக்கம்போல நீயே பெருக்கிக் குடுத்துடு."

அதாவது பொண்ணோட அம்மா பொண்ண அனுப்பிட்டு அதே கையோட தொடப்பத்த எடுக்கணும்.

"பெருக்கிட்டாப் போச்சு"ன்னா அக்கா. ஆனா அன்னிக்கு ராத்திரியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. எங்கிட்ட வந்து சொன்னா, "தம்பி, ஊரான் வீட்டுக் கல்யாணத்துல விட்டுட்டுப் போறத பொறுக்கியே எனக்கு ஆயுசு போச்சு. எம் மக கல்யாணத்துக்கு நான் குடுக்கிறத நானே பொறுக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணுகூட என் குப்பை முறத்துக்குள்ள வரக் கூடாது. அப்படி ஒரு சாமான் எதுன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்."

"என்னக்கா?"

"கைத்துண்டு."

நான் டீக் கிளாஸக் கீழ வெச்சுட்டேன்.

ஏன்னு சொல்றேன். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி ஒரு பணக்காரப் பார்ட்டி வந்துச்சு. நானூறு பேரு. ஆளுக்கொரு கைத்துண்டு, முயல்குட்டி மாதிரி மெத்துன்னு, தங்கக் கலர் பெட்டியில வெச்சு ஒவ்வொரு நாற்காலியிலயும் வெச்சிருந்தாங்க. அக்கா அன்னிக்குப் பெருக்க வந்தா. நாலு மூலையும் தேடினா. ஒரு துண்டு இல்ல, ஒரு பெட்டி இல்ல. இருபத்திரெண்டு வருஷத்துல மூட்டை இல்லாம அவ வீட்டுக்குப் போனது அன்னிக்கு ஒரு நாள்தான். அத அவ மனசுல எழுதி வெச்சுக்கிட்டா. ஜனங்க விடாம எடுத்துட்டுப் போறது துண்டு ஒண்ணுதான்னு.

ஆனா நடந்தது என்ன? அன்னிக்கும் ஜனங்க விட்டுட்டுத்தான் போனாங்க. நூத்தம்பதுக்கு மேல கிடந்துச்சு. அவ தொடப்பம் எடுத்துட்டு மாடியேறுறதுக்குள்ள அத எடுத்தது...

"டேய்"னாரு மாஸ்டர்.

எடுத்தது நாங்க. நான் நாலு எடுத்தேன். சரி, ஒன்பது. வழக்கப்படி அது அவளோடது, தெரிஞ்சுதான் எடுத்தோம். அப்படி ஒரு துண்ட அதுவரைக்கும் எங்க மூஞ்சி பார்த்ததில்ல. ஒரு தடவ தொடச்சா மூஞ்சியே கழண்டு துண்டோட வந்துடும், அவ்வளவு சுகம்.

இப்ப அந்த அக்கா வந்து துண்டுதான் வாங்கப் போறேங்கிறா. இருநூறு துண்டு. விலை விசாரிச்சா. பல்லுக் காசும் துண்டுக் காசும் கிட்டத்தட்ட ஒண்ணு. பல்லா துண்டான்னு ஒரு வாரம் யோசிச்சா. நாங்க நாலு பேரும் அந்த ஒரு வாரமும் அவ முன்னாடியே நடமாடிட்டு இருந்தோம். "அக்கா, துண்டும் விட்டுட்டுத்தான் போவாங்க, காச உன் வாயில போடு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பா.

ஒருத்தனும் வாயத் திறக்கல. அவளுக்குத்தான் பல்லில்ல, எங்களுக்கு வாயே இல்லாமப் போச்சு.

"அப்புறம்?"னுச்சு அந்தப் பொண்ணு. இப்ப சிரிக்கல.

அப்புறம் என்ன, துண்டுதான். வெள்ளை, ஓரத்துல நீலக் கோடு. நல்ல துண்டு, குறை சொல்ல மாட்டேன். பெட்டி வாங்கணும்னா தனிக்காசு. எங்கிட்ட யோசனை கேட்டா. நான் பெரிய அறிவாளி இல்ல? "பெட்டி எதுக்குக்கா, பெட்டியவா மூஞ்சியில தொடைக்கப் போறாங்க"ன்னேன். சரின்னு சுருட்டி, சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு சின்னச் சீட்டுல மக பேரு மாப்பிள்ளை பேரு எழுதிச் சொருகினா. அம்மாவும் மகளும் பத்து நாள் உக்காந்து கட்டினாங்க. கட்டி முடிச்சதும் எங்கள வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினா. இருநூறும் அடுக்கி வெச்சிருந்தா, புதுசாப் பொறந்த குழந்தைங்க மாதிரி. கைய வாயில இருந்து எடுத்துட்டுச் சிரிச்சா அன்னிக்கு. உள்ள இருட்டா இருந்துச்சு, குகை மாதிரி.

இதுக்கும் நாங்க சும்மாதான் இருந்தோம்.

கல்யாணத்தன்னிக்குக் காலையில, "தம்பி, ஒரு சீட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சுடு"ன்னா. அந்தப் பணக்காரங்க நாற்காலி மேல வெச்சாங்க. நாற்காலி மேல வெச்சா ஜனங்க மேலயே உக்காந்துடுவாங்களேன்னு நான் என்ன பண்ணேன், சாப்பாட்டு மேஜையில ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்துலயும் ஒண்ணு வெச்சேன். வரிசையா, நூல் பிடிச்ச மாதிரி. தள்ளி நின்னு பார்த்து நானே என் முதுகத் தட்டிக்கிட்டேன், கை எட்டாததால சுவத்துல தேய்ச்சுக்கிட்டேன்.

முதல் பந்தி. மாப்பிள்ளையோட பெரிய மாமா வந்து உக்காந்தாரு. ஆளு ரெண்டு நாற்காலி அகலம். சாப்பாடு எறங்குச்சு. மனுஷன் முழங்கை வரைக்கும் எறங்கிச் சாப்பிட்டாரு. முடிச்சதும் பக்கத்துல பார்த்தாரு. துண்டு. ரிப்பன வாயால கடிச்சு இழுத்தாரு. சீட்டு பறந்துபோய்ப் பாயசத்துல விழுந்துச்சு. துண்ட விரிச்சு வாயத் தொடச்சாரு, கையத் தொடச்சாரு, கழுத்துல பின்பக்கம் தொடச்சாரு, கடைசியா மூக்கச் சிந்தினாரு. எச்சித் தட்டு மேல போட்டுட்டு எந்திரிச்சாரு.

"பரவாயில்லையே, கை தொடைக்கத் துணியெல்லாம் வெச்சிருக்காங்க. பெரிய எடத்துல செய்யிற மாதிரி செஞ்சிருக்காங்க"ன்னு பாராட்டு வேற.

அவ்வளவுதான். பெரிய மாமா பண்ணா ஊரே பண்ணும். அடுத்த அஞ்சு நிமிஷத்துல நூறு துண்டு விரிஞ்சுச்சு. ஒரு அம்மா குழந்தையோட வாந்திய வழிச்சுது. ஒருத்தர் மூக்குக் கண்ணாடியத் தொடச்சுட்டு ஷூவையும் தொடச்சாரு. ரெண்டாவது பந்தியில மீதி நூறு. நான் ஓரமா நின்னு பார்த்துட்டே இருந்தேன். அக்கா மேடைக்குப் பக்கத்துல இருந்தா, மக பக்கத்துல, கைய வாய் மேல வெச்சுட்டு, போட்டோவுக்கு நின்னுட்டு இருந்தா. அவளுக்கு எதுவும் தெரியாது.

சிரிப்பு வர்ற எடம் இங்க முடிஞ்சுது. இனிமே இழுக்க மாட்டேன்.

எல்லாரும் கிளம்புற நேரம். சம்பந்தியம்மா வாசல்ல நின்னு அவங்க சனங்கள அனுப்பிட்டு இருந்தாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் கையப் பிடிச்சு, "மனசுல வெச்சுக்காதீங்க, பொண்ணு வீட்டுல வந்தவங்களுக்குன்னு ஒண்ணும் குடுக்கல. கஷ்டப்பட்ட குடும்பம்"னு சொல்லிட்டு இருந்தாங்க. அக்கா பின்னாடி வந்து நின்னத அவங்க பார்க்கல. அக்கா அத மூணு தடவ கேட்டா, மூணு பேருகிட்ட சொன்னத.

"சம்பந்தி, குடுத்தேனே"ன்னா. "துண்டு."

"எந்தத் துண்டு?" அந்தம்மா நெஜமாவே யோசிச்சாங்க. "ஓ, சாப்பிட்டுக் கை தொடைக்க வெச்சிருந்தீங்களே, அதா?"

அக்கா ஒரு கணம் அவங்களப் பார்த்தா. அப்புறம் கையத் தூக்கி வாய மூடிக்கிட்டா.

"இல்ல சம்பந்தி, அது கை தொடைக்கத்தான்"னா.

பொண்ண அனுப்பினா. கார் திரும்புற வரைக்கும் நின்னா. உள்ள வந்து புதுத் துணிய முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகிட்டு முறத்த எடுத்தா. இருநூறுல ஏழுதான் வெளிய போயிருந்துச்சு. நூத்தித் தொண்ணூத்தி மூணையும் ஒவ்வொண்ணாக் குனிஞ்சு எடுத்தா. எச்சித் தட்டுல இருந்து எடுத்தா, நாற்காலிக் காலுக்கடியில இருந்து எடுத்தா. நான் மேஜைய மடக்கிட்டு இருந்தேன். "நான் எடுக்கிறேன்கா"ன்னேன். "நீ உன் வேலையப் பாரு தம்பி, மூணு மணிக்கு ஆளு வந்துடும்"னா. அழுதிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். அழல. எண்ணிட்டே எடுத்தா.

நாலு நாள் துவைச்சா. எண்ணெய்க்கறை போகுமா? மஞ்சளாவே நின்னுடுச்சு. வீட்டுல வெச்சுப் பார்த்துட்டு இருக்க முடியலன்னு மொத்தத்தையும் சமையல்கட்டுக்கே குடுத்துட்டா, அடுப்பு தொடைக்க. இப்ப உன் மடியில கிடக்குதே, வெங்காயத் தோல் தட்டுறியே, அதுல ஓரத்தப் பாரு.

அந்தப் பொண்ணு பார்த்துச்சு. நீலக் கோடு. மெதுவா மடிச்சுப் பக்கத்துல வெச்சுச்சு.

"என் தங்கச்சி கல்யாணத்துல ஒண்ணும் வேண்டாம்ணே"ன்னுச்சு.

"அதத்தான் நானும் சொல்றேன். காசு இருக்கிறவன் குப்பைய அழகாப் பெட்டியில வெச்சுக் குடுக்கிறான், இல்லாதவன் பல்ல வித்துக் குடுக்கிறான். ரெண்டும் போற எடம் முறந்தான்."

"கதை முடிஞ்சுதுல்ல, எந்திரிங்க"ன்னாரு வாட்ச்மேன் அண்ணன்.

முடியலண்ணே. மீதிய நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, சரி நானே சொல்றேன். அக்கா அதுக்கப்புறம் ஒரு கணக்குப் போட்டா. பணக்காரங்க குடுத்த துண்டுல ஒண்ணுகூட மிச்சமில்ல. நான் குடுத்தத மூக்குச் சிந்திப் போட்டாங்க. ரெண்டும் துண்டுதான். அப்போ துண்டுல குத்தமில்ல, என்னத்தான் மதிக்கல. எம் மகளையும் அந்த வீட்டுல மதிக்கப் போறதில்ல. இதத்தான் தெனம் போன்ல மகளுக்குச் சொன்னா. அது நல்லா இருந்த பொண்ணு. கேட்டுக் கேட்டு அதுக்கும் ஏறிடுச்சு. மாமியார் தட்டக் கொஞ்சம் சத்தமா வெச்சாக்கூட, "எங்கம்மா துண்டுல மூக்குச் சிந்துனவங்கதானே நீங்க"ன்னு ஆரம்பிச்சுது. அந்தப் பையன் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கிட்டான். இப்ப மூணு வாரமாப் பொண்ணு அம்மா வீட்டுல. பெட்டியோட வந்துடுச்சு. அந்தப் பையன் ஞாயித்துக்கிழமை வந்து வாசல்லயே நின்னுட்டுப் போனான், உள்ள கூப்பிடல.

மேல ஹால்ல தொடப்பச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, சரக் சரக்னு. அவதான் பெருக்கிட்டு இருந்தா.

"அப்போ"ன்னுச்சு அந்தப் பொண்ணு, "அந்தப் பணக்காரங்க துண்டையும் ஜனங்க விட்டுட்டுத்தான் போனாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்களுக்குப் புரிஞ்சுடுமே. இதுல மதிக்கிறது மதிக்காததுன்னு ஒண்ணும் இல்ல, எல்லாத் துண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுடும்ல. பொண்ணும் திரும்பிப் போயிடும்."

"போயிடும்"னேன்.

"ஏன் இன்னும் சொல்லல?"

நான் மாஸ்டரப் பார்த்தேன். மாஸ்டர் வாட்ச்மேனப் பார்த்தாரு. வாட்ச்மேன் டீக் கிளாஸுக்குள்ள பார்த்தாரு.

அந்தப் பொண்ணு எந்திரிச்சுக் கையக் கழுவுச்சு. "நான் போய்ச் சொல்லிடறேன்."

"உக்காரும்மா"ன்னாரு மாஸ்டர். "மூணு நாள் ஆச்சு வந்து. உனக்கெதுக்கு ஊர் வம்பு? மேனேஜர் காதுக்குப் போனா எல்லார் சீட்டும் கிழிஞ்சுடும்."

"போகட்டும் மாஸ்டர், விடுங்க"ன்னான் லைட்டுக்காரன். "நான் எடுத்தது மூணு. மூணுக்கு என்ன சீட்டு கிழிக்கப் போறாங்க. அரிசிச் சாக்குல கட்டித் தூக்கினவங்க பயப்படட்டும்."

"யாருடா சாக்குல கட்டுனது?"ன்னு மாஸ்டர் எகிறினாரு.

"நான் பேர் சொன்னேனா? நூறுக்கு மேல எங்க போச்சுன்னுதான் கேக்கிறேன்."

"சொல்லுடா. தைரியம் இருந்தா சொல்லு. நான் எடுத்தது பதினாறு, என் பொண்டாட்டி பிரசவத்துக்கு எடுத்தேன், குழந்தைக்கு. சாக்கு வாசல் வழியாப் போச்சு, வாசல்ல நின்னது யாருன்னு அண்ணனக் கேளு."

வாட்ச்மேன் அண்ணன் கிளாஸக் கீழ வெச்சாரு. "என்ன ஏண்டா இழுக்கிற? எனக்கு அஞ்சு குடுத்து வாய அடைச்சுட்டு இப்ப வாசலக் காட்டுறியா? மூட்டக்காகிட்டச் சொல்லணும்னு அன்னிக்கே நான் சொன்னேன்."

"எப்பச் சொன்னே? யார்கிட்டச் சொன்னே?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

"எல்லாத்துக்கும் காரணம் இவன்தான்"னு லைட்டுக்காரன் என் பக்கம் திரும்பினான். "தட்டுக்குப் பக்கத்துல வெச்ச மேதாவி. பெட்டி வேண்டாம்னு சொன்ன மேதாவி."

"வெச்சது நான். உன்ன யாரு கல்யாணம் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு அந்த அக்காகிட்ட, உன் துண்டு மலிவு, அதான் விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லச் சொன்னது?"

"அதச் சொன்னது நான் இல்ல, மாஸ்டரு."

"நானா?" மாஸ்டர் அரிகரண்டியத் தூக்கிட்டு எந்திரிச்சாரு. டின்னு உருண்டு போய்ச் சுவத்துல இடிச்சுது. அந்தப் பொண்ணு படிக்கட்டுப் பக்கம் ரெண்டு அடி வெச்சுச்சு, வாட்ச்மேன் அண்ணன் குறுக்க கைய நீட்டி வழிய மறிச்சாரு, லைட்டுக்காரன் அந்தக் கையத் தட்டி விட்டான், "பொம்பளப் பிள்ளைய ஏன்யா மறிக்கிறே"ன்னு அவர் சட்டையப் பிடிச்சான், "கைய எடுடா திருட்டுப் பயலே"ன்னாரு அவரு, "யார யாருய்யா சொல்றது"ன்னு மாஸ்டர் நடுவுல பாய்ஞ்சாரு, நான் என் டீயக் காப்பாத்திக்கிட்டே, "மெதுவாப் பேசுங்கய்யா, மேல கேக்கப் போகுது"ன்னு அவங்க எல்லாரையும்விட சத்தமாக் கத்திட்டு இருந்தேன்.